ஆவுடையப்பனின் இரண்டு நிழல்கள்

பெற்றவர்களைத் தலைமேல் வைத்துத் தாங்கும் இனம் இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால் அது தமிழினம்தான் என்று என் மைத்துனர் சிவசைலம் மூத்தோர் தின விழா மேடையில் முழங்கிய அதே நிமிடத்தில், அவரைப் பெற்றவரை என் மனைவி பிரமு எங்கள் வீட்டுக் குளியலறையில் தாங்கிக்கொண்டிருந்தாள். தலைமேல் அல்ல, இடுப்பில். விழாவின் கைதட்டல் கூடத்துச் சுவர்த்திரையில் நேரலையாகக் கேட்டது. குளியலறையிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிவது போல. பிறகு பிரமுவின் குரல்.

"ஏங்க, சீக்கிரம் வாங்க. முதல்ல அப்பாவப் பிடிங்க. என்னை அப்புறம் பிடிச்சுக்கலாம்."

நான் போய் இருவரையும் பிடித்தேன். எனக்கு அறுபத்தேழு வயது. என் முழங்கால்களுக்கு அதைவிட அதிகம்.

முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவிவிட்டது என்றார் டாக்டர். அடுத்த மாதம் பதினான்காம் தேதி அறுவை. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. தள்ளிப்போட்டால் இடது கால் மரத்துக்கொண்டே போய் ஒருநாள் நடை நின்றுவிடும். "வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா, அவங்களுக்கு வேற ஏற்பாடு பண்ணிட்டு வந்து படுங்கம்மா" என்றார். உணவகத்தில் கை கழுவிவிட்டு வந்து உட்காருங்கள் என்பது போல அவ்வளவு எளிதாகச் சொன்னார்.

ஆளைத் தூக்க இந்தக் காலத்தில் இயந்திரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நாங்களும் ஒன்று வாங்கினோம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் உள்ள பழைய வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டடி அகலம். இயந்திரம் இரண்டேகால் அடி. ஆறு மாதமாக அதன் கைகளில் துணி காயப்போடுகிறோம். நன்றாகக் காய்கிறது.

மாமா ஆவுடையப்பனுக்கு எண்பத்தெட்டு வயது. தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மகனின் மேடைப் பேச்சுகளில் ஆண்டுக்கு ஒரு பதவி உயர்வு பெற்று, இந்த ஆண்டு துணை ஆட்சியர் வரை வந்திருந்தார். நேரில் அவர் அதிகம் பேசமாட்டார். காது மந்தம். எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பார். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, என்னை மாப்பிள்ளையாக ஏற்கச் சம்மதமா என்று தரகர் கேட்டபோதும் அதைத்தான் சொன்னாராம்.

மறுநாள் சிவசைலம் வந்தார். அவர் வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி, மகாராஜநகரில். இரண்டு மாடி. முகப்பில் பித்தளை எழுத்தில் 'ஆவுடையப்பன் இல்லம்'. ஆவுடையப்பன் அந்த வீட்டில் புதுமனை புகுவிழா அன்று மத்தியானம் வரை இருந்திருக்கிறார். படிக்கட்டு செங்குத்து, அவர் மனைவி விசாலம் மதினிக்கு மூட்டு வலி, இரண்டு பையன்களும் படிக்கிற நேரம் என்று அப்போது காரணங்கள் இருந்தன. இப்போதைக்கு பிரமு வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். பையன்கள் படித்து முடித்து, ஒருவன் குவைத்துக்கும் ஒருவன் பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. இப்போதைக்கு ஒன்பது வருடம் ஆகிறது.

மகள் வீட்டில் தகப்பன் இருப்பது எங்கள் பக்கத்தில் வெளியே சொல்லிக்கொள்கிற விஷயம் அல்ல. யாராவது வந்து விசாரித்தால், "அப்பா காத்தாட பிரமு வீடு வரைக்கும் போயிருக்காக" என்பார் சிவசைலம். ஒன்பது வருடக் காற்று.

"முதியோர் இல்லமா? நான் உயிரோட இருக்கும்போதா?" என்றார் அவர், பிரமு அந்தப் பேச்சை எடுத்ததும் நெஞ்சில் கைவைத்து. "நாலு பேரு என்ன சொல்லுவாக மாப்ளே?"

"அப்ப நீங்க உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாண்ணே?" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டாள் பிரமு. அவள் குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்கு அது வராது.

சிவசைலம் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"இல்லங்கிறதுல தப்பு இல்ல பிரமு. அந்தப் பேருதான் இடிக்குது. வானப்பிரஸ்தம்னு சொன்னா ஒரு கௌரவம் இருக்கு." பிறகு மாமாவின் காதருகே குனிந்து உரக்கக் கேட்டார்: "அப்பா! ஒரு இடம் பாத்திருக்கோம்! சம்மதந்தானா?"

"உங்க இஷ்டம்."

"பாத்தீகளா? முழுப் பொறுப்பையும் என்கிட்ட ஒப்படைச்சுட்டாக."

செய்துங்கநல்லூர் போகும் சாலையில் இருக்கிறது 'சாயரட்சை' மூத்தோர் உறைவிடம். ஒரு கட்டில் காலியாக இருந்தது. இருபத்தொரு நாள் எங்களுக்காக நிறுத்திவைப்பார்கள். அதை விட்டால் அடுத்த இடம் எட்டு மாதம் கழித்து. நாங்கள் ஐந்து பேரும் போனோம்: சக்கர நாற்காலியில் மாமா, முதுகில் பட்டை கட்டிய பிரமு, சிவசைலம், மதினி, நான்.

இடம் நன்றாகவே இருந்தது. வேப்பமரங்கள், அகலமான கதவுகள். சிறியதாக மேடை வைத்த ஒரு கூடமும் இருந்தது. சிவசைலம் அந்த மேடையை நடந்து அளந்து பார்த்தார்.

பொறுப்பாளர் ஜெபராணி சிஸ்டர், ஐம்பது வயசுக்காரர். நிமிர்ந்து பார்க்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற ரகம்.

"ஆளைச் சேர்க்க முந்தி அவுக நிழலை அனுப்பணும். சட்டம்" என்றார்.

"நிழல்னா?" என்றேன்.

"முன்னால எல்லாம் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போயிருவாக சார். பத்து நாள்ல சாப்பாடு இறங்காது. மூணு மாசத்துல முகம் செத்துப்போயிரும். சரி, திரும்பக் கூட்டிட்டுப் போங்கன்னு போன் அடிச்சா, அங்க அவுக ரூம் இருக்காது, பூஜை ரூமா ஆக்கியிருப்பாக. அதனாலதான் சட்டம் போட்டாக. இப்ப அவுக குரல், நடை, வியாதி எல்லாத்தையும் எடுத்துக்கிடுவோம். குணத்துக்கு முந்நூத்திப் பன்னெண்டு கேள்வி. இயந்திரம் அதை வச்சு அவுகளை மாதிரியே ஒருத்தரை உண்டாக்கும். இந்தக் கட்டடம், நாங்க, இங்க இருக்க அறுபத்திநாலு பேரு, எல்லாம் அதுக்குள்ள ஏற்கெனவே இருக்கோம். அந்த நிழல் எங்க நிழலோட நூத்தியெம்பது நாள் இருந்து பாக்கும். நமக்கு நாலு நாள்தான் ஆகும். நல்லா இருந்துச்சுன்னா ஆளைச் சேர்ப்போம். வாடிப்போச்சுன்னா சேர்க்க மாட்டோம். சேர்க்கவும் கூடாது."

"ஆளையே நேரா கேட்டுரலாமே சிஸ்டர்?" இது மதினி.

"முதல்ல அப்படித்தான் வச்சாக. 'இங்க சேர உங்களுக்குச் சம்மதமா'ன்னு கேட்டாக. நூத்துக்குத் தொண்ணூறு பேரு 'உங்க இஷ்டம்'னு சொன்னாக. இயந்திரம் ஒரு வாரம் முழிச்சுட்டுக் கிடந்துச்சு." சிஸ்டர் கேள்வித் திரையை மேஜைமேல் திருப்பி வைத்தார். "அதனால இப்ப, அவுகளை நல்லா அறிஞ்சவங்க யாரோ, அவுகதான் பதில் சொல்லணும். யாரு சொல்லுதீக?"

இந்த இடத்தில்தான் தவறு நடந்தது. ஒன்பது வருடமாக அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் அந்த அறையிலேயே இருந்தாள். ஆனால் நாங்கள் அத்தனை பேரும் மூத்த மகனைத் திரும்பிப் பார்த்தோம். நானும்தான். "அண்ணன்தான்" என்று பிரமுவே சொன்னாள். நாளைக்குக் கொள்ளி வைக்கப்போகிறவர் அவர்; இன்றைக்குக் கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர்தானே. இதை எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கண் தானாகத் திரும்பிவிடுகிறது.

சிவசைலம் தொண்டையை மூன்று முறை செருமினார். துண்டை இழுத்து இடது தோளில் சரிசெய்தார். இனி மூன்று மணி நேரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"காலையில எழுந்ததும் அவுகளுக்கு முதல்ல என்ன வேணும்?"

"செய்தித்தாள். அச்சிட்டது. வேறொருவர் கை படாதது."

மாவட்டம் முழுக்க அச்சுப் பிரதி நாற்பதுதான் வருகிறது. "அப்பாவுக்குத்தான் பொடி எழுத்து தெரியாதே அண்ணே" என்று மெல்லச் சொன்னாள் பிரமு.

"நீ முதுகைப் பாத்துக்கோ பிரமு. அடுத்து?"

"சாப்பாடு?"

"முதல் பந்தி. பிறர் எழுந்த இடத்தில் அமரமாட்டார்."

"யாரோட பழகுவாக?"

"தகுதி உடையவர்களோடு."

"பொழுதுபோக்கு?"

"சான்றோர் உரை. சீட்டு, சினிமா போன்ற எதையும் வாழ்நாளில் தொட்டதில்லை."

"அடுத்தவங்க பேசிட்டிருக்கும்போது இவுக என்ன செய்வாக?"

"திருத்துவார்."

நாற்பத்தேழாவது கேள்வி வந்தது. குளிப்பாட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப் போவது, இதையெல்லாம் யார் செய்ய வேண்டும்?

"அவர் தேவைகளை அவரே கவனித்துக்கொள்வார்" என்றார் சிவசைலம். பிரமு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். சிஸ்டர் பிரமுவின் முதுகுப் பட்டையைப் பார்த்தார். ஆனால் விதி விதிதான். சொன்னதை அப்படியே பதிவு செய்தார். மாமா சக்கர நாற்காலியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மறுபடியும் ஐந்து பேரும் போனோம். அகலமான திரையில் சாயரட்சைக் கூடம் தெரிந்தது. அதன் நடுவே மாமாவின் முகம், மாமாவின் நரைத்த மீசை, மாமாவின் சக்கர நாற்காலி. ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் ஏதோ இடித்தது.

சிஸ்டர் அறிக்கையைப் படிக்கத் தொடங்கினார்.

"மூணாம் நாள், தன் நாற்காலி கதவைப் பாத்து இல்லைன்னு புகார். ஒம்பதாம் நாள், குடியிருப்போர் சங்கம் தொடங்கி, தலைவரா தன்னையே தேர்ந்தெடுத்துக்கிட்டாக. பதினேழாம் நாள், அந்தச் சங்கம் ரெண்டாப் பிளந்துச்சு. ரெண்டுக்கும் இவுகதான் தலைவர். இருபத்தாறாம் நாள், 'மக்கட் கடமை'ங்கிற தலைப்புல தொண்ணூறு நிமிசம் உரை. முப்பத்தொண்ணாம் நாள், மேற்கு வார்டுல ஏழு பேரு கிழக்கு வார்டுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தாக. அதுல ஒருத்தருக்குக் காது சுத்தமா கேக்காது."

மதினியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று எடுத்துக்கொண்டேன்.

"நாப்பத்தொண்ணாம் நாள், முதல் பந்தியில இடம் இல்லைன்னு சாப்பாட்டை நிறுத்தினாக. அறுபதாம் நாள்லேருந்து யாரும் பக்கத்துல வாரதில்லை. அதுக்கப்புறம் பேச்சு இல்ல, தூக்கம் இல்ல. எழுபத்திரெண்டாம் நாள் இயந்திரமே நிறுத்திருச்சு. அதுக்கு மேல போனா உசிருக்கு ஆபத்துன்னு." சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கிடுங்க. இவுகளை நாங்க எடுக்க முடியாது."

பிறகு சிவசைலம் எழுந்தார். அவர் முகத்தில் வெற்றி.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? அப்பா ஒரு இடத்துல அடங்குற ஆளா? குடும்பம்தான் கோயில்னு இயந்திரமே சொல்லிருச்சு! இதை அடுத்த கூட்டத்துல கண்டிப்பா சொல்லணும்."

"அப்ப கோயிலுக்கு எப்ப கூட்டிட்டுப் போறீங்க மச்சான்?" என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு முதல் இலை போடுவார்கள், கருத்துக் கேட்கமாட்டார்கள்.

பிரமு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுருவோம் என்ன? எட்டு மாசந்தானே. காலு அதுவரைக்கும் தாங்கும்." அப்போதே அவள் இடது காலைக் கையால் தூக்கி நகர்த்தித்தான் வைத்தாள்.

திரையில் அந்த நிழல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறாம் நாள் உரை. மாமாவின் முகம் தொண்டையை மூன்று முறை செருமியது. மாமாவின் கை, தோளில் இல்லாத துண்டை இழுத்து இடது தோளில் சரிசெய்தது.

"சிஸ்டர், அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் மதினி. எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். "இது மாமா இல்ல."

"பின்ன யாராம்?" என்றார் சிவசைலம்.

"முப்பத்தஞ்சு வருசமா இது கூடத்தான் குடும்பம் நடத்துதேன். எனக்குத் தெரியாதா? நல்லா பாருங்க. இது நீங்க."

"உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா விசாலம்?"

"எனக்கு எழுபத்திரெண்டாம் நாளே பிடிச்சிருக்கணும். எப்படியோ தாங்கிட்டேன்."

சிஸ்டர் அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். யாரும் படிக்காத பக்கம், சிறிய எழுத்து. "நிழலுக்கும் உரியவருக்கும் பொருத்தம்: பதினோரு சதவீதம்." அவருக்கே முகம் மாறியது. "இதை நான் முதல்லயே பாத்திருக்கணும். கேள்விக்குப் பதில் சொன்னவங்களுக்கும் நிழலுக்கும் பொருத்தம்..." என்று ஆரம்பித்தவர், சிவசைலத்தைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் பக்கத்தை மூடினார். "பதில் சொல்லுத ஆளை மாத்தி இன்னொரு தடவை போடலாம். கட்டில் இன்னும் பதினேழு நாள் இருக்கு."

இந்த முறை பிரமுவை உட்காரவைத்தோம். அவள் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். ஆனால் பதில்கள் சரளமாக வந்தன. எந்த மாத்திரையை எதோடு விழுங்குவார், எந்தப் பக்கம் ஒருக்களிப்பார், எத்தனை தலையணை, மழை பெய்தால் எந்த விரல் வலிக்கும். அறுபது கேள்வி தாண்டியது. பிறகு சிஸ்டர் கேட்டார்: "அவுகளுக்கு என்ன பிடிக்கும்?"

பிரமு விரல்விட்டு எண்ணப் பார்த்தாள்.

"இட்லி கொடுத்தா சாப்பிடுவாக. தோசை கொடுத்தாலும் சாப்பிடுவாக" என்றாள். பிறகு, "தெரியலையே சிஸ்டர். நான் கேட்டதில்லையே. கேக்க எங்க நேரம் இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். குளியலறையில் முதுகு ஒடிந்தபோதுகூட அவள் அழவில்லை.

என் கல்யாணம் நடந்து முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக அந்தக் குடும்பத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். "மாமாவையே கேட்டா என்ன?"

"'உங்க இஷ்டம்'னு சொல்லுவாக" என்றார் சிவசைலம்.

"சம்மதமான்னு கேட்டா அப்படித்தான் சொல்லுவாக மச்சான். காலையில எந்திரிச்சதும் என்ன வேணும்னு கேட்டா அப்படிச் சொல்ல முடியாதுல்லா?"

சிஸ்டர் விதிப் புத்தகத்தைத் தேடினார். "தடை ஒண்ணும் இல்ல" என்றார் ஆச்சரியமாக. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

மாமாவை எழுப்பி, காதுக்கருவியை மாட்டி விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "பிரமு வெளிய இருக்கட்டும். பெரியவனும் இருக்கட்டும். மருமவன் போதும்" என்றார். மற்ற மூவரும் வெளியே போனார்கள். கதவைச் சாத்தினோம். சாத்தி ஒரு பலனும் இல்லை. காது மந்தமானவர்கள் ரகசியத்தையும் உரக்கத்தான் சொல்வார்கள். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"காலையில எழுந்ததும் உங்களுக்கு முதல்ல என்ன வேணும் ஐயா?"

"ஒண்ணுக்குப் போணும்."

"சாப்பாடு?"

"சூடா இருக்கணும். எந்தப் பந்தியா இருந்தா என்ன, சவத்த விடு."

"யாரோட பழகுவீக?"

"இங்க யாராச்சும் ரம்மி ஆடுவாகளா?"

தாழ்வாரத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு முறைதான்.

"ஆடுவாக ஐயா. மேற்கு வார்டுல நாலு பேரு இருக்காக. ஒரு கை குறையுதுன்னு புலம்பிட்டே இருப்பாக."

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்து ஐந்து வருடம் இருக்கும். சிஸ்டர் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். நாற்பத்தேழாவது கேள்வி வந்தது.

"குளிப்பாட்டுறது, கழுவிவிடுறது எல்லாம் யாரு செய்யணும்?"

மாமா வேட்டி நுனியைக் கொஞ்ச நேரம் மடித்து மடித்துப் பிரித்தார்.

"யாரு வேணும்னாலும் செய்யட்டும். எம் மக மட்டும் பாக்கக் கூடாது" என்றார். "ஒம்பது வருசமா அவ பாத்துட்டா. பெத்த புள்ளைக்கு அதெல்லாம் காட்டப்படாது. நான் கண்ண மூடிக்கிடுவேன், அவளுக்கு மூட முடியாதுல்லா? சம்பளத்துக்குச் செய்யுதவன் பாக்கலாம். அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போனா மறந்துருவான். அவ மறக்க மாட்டா."

"இதை ஏன் ஐயா முன்னாலயே சொல்லல?"

"யாரு கேட்டா?"

பிறகு நான் கதவைத் திறந்தபோது மதினி பிரமுவைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். சிவசைலம் வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பாமலே கேட்டார்: "ரம்மியா மாப்ளே? அப்பாவா?"

இரண்டாவது நிழலின் அறிக்கை ஒரே பக்கம். நான்காம் நாள் சீட்டாட்டத்தில் சேர்ந்தார். ஐம்பதாம் நாள் வாக்கில் தூக்கத்தில் சிரித்தார். நூற்றுப் பன்னிரண்டில் லேசான காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை சாம்பாரைப் பற்றி ஒரு புகார். அது எல்லோருக்கும் உள்ள புகார். மீதி நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. பொருத்தம் தொண்ணூற்றாறு சதவீதம். கையெழுத்துப் போட்டோம். குடும்பத் தலைவருக்கென்று ஒரு பிரதி உண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு பதில்களும் அதில் அச்சாகியிருக்கும். சிவசைலம் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமாவைக் கொண்டுபோய் விட்ட அன்று பிரமு வீட்டுக்கு வந்து, மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தாள். வழக்கமாக மூன்று மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைக்க எழுவாள். மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். புரட்ட ஆள் இல்லை என்று ஞாபகம் வந்து, சிரித்து, மறுபடி படுத்து ஆறு மணி வரை தூங்கினாள். பதினான்காம் தேதி அறுவை நடந்தது. இரண்டு மாதத்தில் நிமிர்ந்து நடந்தாள். கல்யாணத்தில் பார்த்ததைவிட ஓர் அங்குலம் உயரமாகத் தெரிந்தாள். தூக்கும் இயந்திரத்தை விற்கலாம் என்றேன். "துணி எங்க காயப்போட?" என்றாள்.

நடக்க ஆரம்பித்ததும் முதலில் அப்பாவைப் பார்க்கப் போனாள். வாழைப்பழம், முறுக்கு, துவைத்த வேட்டிகள் நான்கு. மாமா மேற்கு வார்டில் கையில் பதின்மூன்று சீட்டோடு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் சீட்டைக் கீழே வைக்கவில்லை.

"வாளா வா. நல்லா நடக்கியே! இரு, இந்த ஆட்டம் முடியட்டும்."

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த முக்கால் மணி நேரமும் அவள் சும்மா உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதையும் துடைக்கவில்லை, எதையும் தூக்கவில்லை. "அப்பாவுக்குக் கன்னத்துல குழி விழும்னு எனக்கு மறந்தே போச்சுங்க" என்றாள் திரும்பி வரும்போது.

அடுத்த மூத்தோர் தினத்தில் சிவசைலம் மறுபடி பேசினார். பெற்றோரின் உள்ளத்தைக் கேட்டறிந்து நடக்கும் இனம் இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால் அது தமிழினம்தான் என்றார். நாங்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டே பார்த்தோம். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. முன்வரிசையில் மதினி இல்லை. ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெங்களூர் மகன் வீட்டுக்குப் போனவள், நாலு மாதமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். 'ஆவுடையப்பன் இல்லம்' இரண்டு மாடியிலும் சிவசைலம் ஒருவர்தான். பேச்சைக் கேட்க ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று பிரமு கவலைப்பட்டாள். "அண்ணன் இளைச்ச மாதிரி இல்ல?" என்றாள்.

போன வியாழக்கிழமை ஜெபராணி சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க மச்சான் வாராவாரம் வாராக சார். அப்பாவைப் பாக்க மட்டும் இல்ல."

"வேற எதுக்கு?"

"தனக்கு ஒரு இடம் கேட்டு எழுதிப் போட்டிருக்காக. வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்னாக. முதல் தடவை அவுக சொன்ன பதிலுக்கு நிழல் எழுபது நாள் தாங்குச்சு. ரெண்டாந்தடவை கொஞ்சம் அடக்கிச் சொன்னாக, எழுபத்தெட்டு நாள். போன வாரம் மூணாந்தடவை. ஒரு தாளை மடியில வச்சுக் குனிஞ்சு குனிஞ்சு பாத்துச் சொன்னாக. ரம்மி பிடிக்கும்னாக. எந்தப் பந்தின்னாலும் சரின்னாக. நூத்தியெம்பது நாளும் அருமையா ஓடிருச்சு சார், ஒரு புகார் கிடையாது. நானும் கையெழுத்துப் போடத்தான் போனேன்."

"அப்புறம்?"

சிஸ்டர் திரையை என் பக்கம் திருப்பினார். நாற்பத்தேழாவது கேள்வி. யார் வேண்டுமானாலும் செய்யட்டும், என் மகள் மட்டும் பார்க்கக் கூடாது என்று அதில் பதிவாகியிருந்தது.

சிவசைலத்துக்கு இரண்டும் பையன்கள்.